பதினெட்டுப் பவுண்டு காற்று

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு தீக்குச்சியால் தன் கார் டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். காரின் பின் சீட்டில் ஒரு பெண் பிரசவ வலியில் அலறிக்கொண்டிருந்தாள். ஒரு டயர் முடிந்ததும் அடுத்த டயருக்குப் போனார். உஸ்ஸென்று காற்றை விடுவதும், பேனா மாதிரி ஒரு காற்றழுத்தக் கேஜைச் செருகிப் பார்ப்பதும், மறுபடி கொஞ்சம் விடுவதுமாக நான்கு டயரையும் சுற்றி வந்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது.

"ஏனுங்ணா, உசுரு போற நேரத்துல காத்தப் புடுங்கிட்டு உக்காந்திருக்கறீங்க?"

"சித்தப் பொறுங்க அம்மணி. காத்து கொறஞ்சாத்தான் வண்டி மெத்துனு போகும். இருபத்தாறு பவுண்டு இருக்குது. பதினெட்டுக்கு வரோணும்."

இந்த ஆள் நேரத்தைக் கடத்துகிறான், வாடகையை ஏற்றிக் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காததும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பிரசவ விடுதியில் நான் நர்ஸாக இருந்தேன். இரண்டு கட்டில், ஒரு ஆயா, ஊசி கொதிக்க வைக்க ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான் விடுதி. கையை மீறிய கேஸ் வந்தால் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் அவருடையதுதான். அதை விட்டால் மாட்டு வண்டி. மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த ஆளை நம்பலாமா கூடாதா என்பது என் சொந்த விருப்பு வெறுப்பு இல்லை. நான் ஏற்றிவிடுகிற ஒவ்வொருத்தியின் உயிரும் அதில் இருந்தது.

சந்தேகம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டித் தரகர். மூட்டையின் வாயில் கிடக்கிற மஞ்சளை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பார். "மேல கெடக்கறது ஊருக்கு, அடியில கெடக்கறதுதான் நமக்கு" என்பார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நானே ஒரு கத்துக்குட்டி என்று தோன்றும் அளவுக்குச் சந்தேகம் பிடித்த மனிதராக இருந்தார் இந்த டாக்ஸிக்காரர்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டையின் ஒரு பையில் இரண்டு கேஜ். ஏன் இரண்டு என்று ஆயா ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுத்துருமுங்க."

"ரெண்டும் சேந்து பொய் சொன்னா?"

"அதுக்குத்தானுங்க ஆண்டவன் கட்டை விரலக் குடுத்திருக்கறான்" என்று டயரின் பக்கவாட்டில் விரலை அழுத்திக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை எங்கே நிறுத்தினாலும் டயரிலிருந்து தரை வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது கோடு நேராக இருக்க வேண்டும். அரை விரல் தள்ளியிருந்தால் வண்டியை யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்ரோல் போடுமுன்பும் போட்ட பின்பும் டாங்கிக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். டீக்கடையில் பால் கறந்த நேரத்தைக் கேட்பார். ஒரு ஊருக்கு வழி கேட்டால் மூன்று பேரிடம் கேட்பார். மூன்று பேரும் ஒரே வழியைச் சொல்லிவிட்டால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று நான்காவது ஆளைத் தேடுவார். "அந்தாளு பெத்த ஆத்தா சோறு போட்டாலும் பூனைக்கு ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டுத்தான் திம்பாரு" என்று ஊரில் சொல்வார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் அவருடையது. வெளியே எல்லோரிடமும் தமிழ். காரிடம் மட்டும் தெலுங்கு. மேட்டில் ஏறும்போது அதனிடம் மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டே வருவார். கெஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்று எனக்கு விளங்கியதே இல்லை.

வண்டி ஓட்டும்போது இன்னொரு தொந்தரவு உண்டு. மைல் கல்லுக்கு மைல் கல் முன்னாலிருந்து ஒரு கேள்வி வரும்: "அம்மணி, அவங்க பேசறாங்களா?" பேசினால் ஓட்டுவார். "வலியில கெடக்கறவ என்னத்தப் பேசுவா?" என்று கேட்டால், "முனகறாங்களான்னாவது சொல்லுங்க" என்பார். நர்ஸ் நானா இவரா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? மற்றவர்களை இப்படிச் சந்தேகப்படுகிற ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று என் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. பெரியாஸ்பத்திரியில் கேஸை இறக்கிவிட்டதும் ஆள் காணாமல் போய்விடுவார். அரைமணி கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே வருவார். அந்தக் காலத்தில் சில வாடகைக் கார்க்காரர்கள் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் கேஸ் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவதாகப் பேச்சிருந்தது. ஒரு நாள் கேஸை ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், டாக்டர்களின் கார்கள் நிற்கும் இடத்தில் அவர் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு காரின் டயரில் நகத்தைப் பதித்துப் பார்த்தார். அடுத்த காருக்குப் போய் முஷ்டியால் தட்டினார். மூன்றாவது காரின் டயரில் காதை வைத்தார். வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தான்.

"யோவ், மறுபடியும் வந்துட்டியா? எதக் கழட்டப் பாக்கற?"

"ஒண்ணும் கழட்டலீங்க. ரப்பரு எப்பிடின்னு பாத்தேன்."

வாட்ச்மேன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கமிஷன் இல்லையென்றால் டயர் திருட்டோ என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று ஊர் திரும்பிய பிறகு அவருடைய காரின் டயர்களை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். நடுவில் மட்டும் ரப்பர்ப் பட்டன் கொஞ்சம் நின்றது. இரண்டு ஓரமும் மொட்டையாகத் தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் எட்டிப் பார்த்தது. தேங்காய் ஏற்ற வந்திருந்த லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காத்தக் கொறச்சுக் கொறச்சு ஓட்டுனா ஓரந்தானுங்க திங்கும். பொழைக்கத் தெரியாத ஆளு" என்றார் அவர்.

அடுத்த நாள் சொல்லிவிட்டேன். "ஏனுங்ணா, இந்த டயர்ல இனிமே ஒருத்தரையும் ஏத்த மாட்டேன். நடு வழியில வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் தலையை ஆட்டினார். "நானே சொல்லோணும்னு இருந்தனுங்க. ரெண்டு மாசமா எந்த டயரு போடறதுன்னுதான் கண்ட காரையெல்லாம் தட்டிப் பாத்துட்டு இருக்கறேன். நீங்களும் வாரோணும். படுத்துப் பாக்க ஒரு ஆளு வேணும்."

"என்னது?"

"ஓட்டறவனுக்கு முன் சீட்டுதானுங்க தெரியும். பின்னாடி படுத்துட்டு வாரவங்களுக்கு எப்பிடி இருக்குதுன்னு எனக்கு யாரு சொல்லுவா? நீங்க படுத்துட்டு வந்து சொல்லுங்க."

இருபத்தாறு வயதுப் பெண், கல்யாணமாகாதவள், ஒரு டாக்ஸியின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு கோயமுத்தூரைச் சுற்றுவதா? ஊர் வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆயாவும் வந்தால் வருகிறேன் என்றேன். ஆயா வெற்றிலைப் பையோடு முன் சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டயர்க் கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, உள்ளே ஆறு அடுக்கு நூல் வைத்து, மேலே கட்டை கட்டையாகப் பட்டன் போட்ட டயர். "கல்லு முள்ளு எதுலயும் ஓடும். மத்ததப் போல ரெண்டு மடங்கு ஒழைக்கும். வாடகை வண்டிக்கு இதான் லாபம்." இன்னொன்று, நாலு அடுக்கு நூலும் நீளவாக்கில் கோடுகளும் உள்ளது. "இது மெத்துனு போகும், சத்தமும் இருக்காது. ஆனா வெரசாத் தேஞ்சுபோகும். வெலையும் சாஸ்தி. ஊட்டுக் காருக்குத்தான் சரி." மூன்றாவது, பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. விலை பாதிதான்.

அவர் மூன்றையும் முகர்ந்தார். ஓரத்தைப் பிடித்து நசுக்கினார். பிறகு கடைக்காரரிடம், "போட்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றார்.

"டயரு என்ன செருப்புங்களா, போட்டு நடந்து பாத்துட்டு வாங்கறதுக்கு?"

அவர் அசரவில்லை. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார். அவருடைய காரைப் போலவே மூன்று கார் அங்கே நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு வகையாக அந்த மூன்று வகை டயரும் இருப்பதை முன்னாடியே கண்டுவைத்திருக்கிறார். அந்தக் கார்களிலேயே ஏறிப் பார்த்தால் போதாதா என்றேன். "ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்பிரிங் வேறங்க. ஸ்பிரிங்கு செய்யறத டயரு செஞ்சதுன்னு நெனச்சுப்போடுவோம்." என்ன பேசி மசிய வைத்தாரோ, மூன்று டிரைவர்களும் ஆளுக்கு இரண்டு பின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு கை வண்டியில் சக்கரங்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம்.

மதுக்கரை ரோட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடி, குழியும் மேடுமாகக் கிடந்த ரோடு. சக்கரத்தை மாட்டும்போது நாங்கள் பார்க்கக் கூடாது என்று என்னையும் ஆயாவையும் ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். எந்த டயர் என்று தெரிந்தால் மனசு தானாக ஒரு பக்கம் சாயுமாம். மாட்டி முடித்ததும் நான் பின் சீட்டில் படுத்துக்கொள்ள வேண்டும், ஒரு மைல் போய் ஒரு மைல் வர வேண்டும், எப்படி என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை, "குலுக்குது" என்றேன். இரண்டாம் தடவை, "பரவாயில்லை" என்றேன். வெயில் ஏறிவிட்டது. சிமெண்ட் தூசி வாயெல்லாம். மூன்றாம் தடவை வண்டி திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, "இதுதான் நல்லா இருக்குது, இதையே வாங்கிருங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூணு தடவையும் ஒரே டயருதானுங்க அம்மணி. கழட்டவே இல்ல. சும்மா ஜாக்கி வெச்சுத் தூக்கி எறக்குனேன்."

ஆயா கெக்கெக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது. ஒரு டாக்ஸிக்காரர் எனக்குப் பரீட்சை வைத்து, நான் அதில் தோற்றும் போயிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டா ஏதாச்சும் ஒண்ணு சொல்லோணும்னு சொல்லிப்போடறோமுங்க. எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுபடி மூன்று தடவை படுத்தேன். இம்முறை ரோஷத்தோடு, கண்ணை மூடி, இடுப்பெலும்புக்கு வருகிற ஒவ்வொரு அடியையும் கவனித்தேன். ஒட்டு டயரில் அடி சுருக்கென்று ஏறியது. கட்டைப் பட்டன் டயரில் ஓவென்று ஓர் ஊளைச் சத்தம், ஈரோடு ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி. கடைசியாக ஒரு டயரில், முன் சீட்டில் ஆயா பாக்கைக் கடிக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதைச் சொன்னேன்.

"பாக்கக் கடிக்கறது கேட்டுச்சுங்களா? நெசமாலுமே கேட்டுச்சுங்களா?" இரண்டு தடவை கேட்டார். ஆயாவை இன்னொரு பாக்கு போடச் சொல்லி, இன்னொரு மைல் ஓட்டி, மறுபடியும் கேட்டார். அது கோடு போட்ட நாலு அடுக்கு டயர்.

நான்கும் அதையே வாங்கினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வாடகை வண்டிக்கு இதப் போட்டு என்ன சம்பாரிப்பீங்க?" அதற்கு அவர், "இனித் தேங்கா மூட்டை ஏத்தறத நிறுத்திப்போடறேனுங்க. பாரமில்லீனா டயரு நின்னு ஒழைக்கும்" என்றார். தேங்காய் மூட்டைதான் அவருக்கு வாரம் தவறாத வருமானம். லாபம் வேண்டாம் என்கிற வியாபாரியை என் அப்பா கிட்டேயே சேர்க்க மாட்டார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை; கூடிவிட்டது.

திரும்பும் வழியில் நேராகவே கேட்டேன். "மெத்துனு போகோணும், சரி. சத்தம் இருந்தா என்னங்க? பிரசவத்துக்குப் போறவளுக்குச் சத்தமா பெருசு?"

எதிரே வந்த லாரிக்கு ஓரம் ஒதுங்கி வழி விட்டார். பிறகு சொன்னார். பல வருஷத்துக்கு முன், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்திருக்கிறார். புதுசாகக் கட்டைப் பட்டன் டயர் போட்டிருந்த சமயம். ஒரே ஊளை. அந்தப் பெண்ணின் முனகல் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. "தூங்கறா, ஓட்டுங்கன்னாங்க. ஓட்டுனேன். ஆஸ்பத்திரில எறக்கும்போது ஒடம்பு சில்லுனு இருந்துச்சுங்க."

"யாரு சொன்னது, தூங்கறான்னு?"

"வண்டில இருந்தவங்கதானுங்க" என்றார்.

ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மனசு கனத்தது. ஆனால் 'வண்டியில் இருந்தவர்கள்' என்று பொதுவாகச் சொன்னாரே, அது முள்ளாகக் குத்தியது. மேலே கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அம்மை குத்தும் வேலையாக அந்த ஊருக்குப் போனபோது விசாரித்தேன். இறந்துபோன பெண்ணின் தாய் உயிரோடுதான் இருந்தாள். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கேள்வியைக் கேட்டதும் கையை நிறுத்தினாள்.

"நான் நிறுத்துங்கன்னு சொன்னனுங்க. டிரைவருதான் தூங்குதுன்னாரு."

பக்கத்து வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். "ஏனுங்க்கா, அன்னைக்கு நீங்கதான் தூங்கறான்னு நெனச்சுட்டேன்னு அழுதீங்க?"

அந்தத் தாய் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. கேட்கப் போனதற்காக என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியிருந்தும், அதற்குப் பிறகு அவர் காரில் ஏறும்போதெல்லாம் அவருடைய பின்மண்டையைப் பார்த்து, நீதானே சொன்னாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். பங்குனி வெயில். ராமாத்தாள் என்று ஒரு பெண், இருபது வயது, தலைப்பிரசவம். விடியற்காலையில் ஆள் வந்து கூப்பிட, தோட்டத்து வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், துணி வைத்து இறுக்கினேன், காருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தார். வழக்கம்போல மண்டியிட்டுப் பதினெட்டுப் பவுண்டுக்குக் காற்றை இறக்கினார். இப்போது நான் கத்துவதை நிறுத்தியிருந்தேன்.

ராமாத்தாளின் மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் நானும் ராமாத்தாளும் மட்டும். அவள் தலை என் மடியில்.

கிணத்துக்கடவு தாண்டியதும் ஆரம்பித்தார். "அம்மணி, பேசறாங்களா?"

"பேசறாங்க." பேசினாள்தான். தண்ணீர் கேட்டாள்.

அடுத்த மைல் கல். "பேசறாங்களா?"

"முனகறாங்க."

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியபோது கேள்வி மாறியது. "சத்தத்தையே காணமுங்களே?"

"தூங்கறாங்க. ஓட்டுங்க" என்றேன்.

என் கை அவள் மணிக்கட்டில்தான் இருந்தது. விரல் நாடியில் இல்லை. விடியற்காலையிலிருந்து நின்ற களைப்பு. வண்டி மெத்தென்று போகப் போக எனக்கே கண் சொருகிவிட்டது. அவர் குரல் கேட்டுத்தான் விழித்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

கார் நின்றது. அவர் இறங்கி வந்து பின் கதவைத் திறந்தார். "என்னங்க இது, நேரமாகுதுங்க!" என்று சீறினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, "கண்ணு, கண்ணத் தொறந்து பாரு கண்ணு" என்றார். அவள் திறக்கவில்லை. உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. போர்த்தியிருந்த சேலையை விலக்கினேன். சீட்டெல்லாம் ரத்தம். என் புடவையும் நனைந்திருந்தது. அந்தச் சூடு கூட எனக்கு உறைக்கவில்லை.

மாமியார் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "கத்தாதீங்க, புள்ளயப் புடிங்க" என்று அதட்டிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். நான் சீட்டுக்குக் கீழே மண்டியிட்டு, அவள் காலைத் தூக்கி வைத்து, முஷ்டியால் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப்போயிற்று. விடவில்லை. உக்கடம் வரைக்கும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானாகவே, "நாடி இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். ராமாத்தாள் பிழைத்துவிட்டாள். "நர்ஸ் கூடவே இருந்து கவனிச்சதாலதான் இந்தப் பொண்ணு தப்பிச்சா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மாமியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தூணோரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். நான் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் பம்பை எடுத்து டயர்களுக்குக் காற்றடித்தார், மறுபடி இருபத்தாறுக்கு. நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது டயரில் குனிந்திருந்தபடியே கேட்டார்.

"தூங்கறாங்கன்னு சொன்னீங்களே அம்மணி, தொட்டுப் பாத்துத்தானுங்களே சொன்னீங்க?"

"பின்ன? தொட்டுப் பாத்துத்தான் சொன்னேன்."

கேஜைச் செருகிப் பார்த்தார். இன்னொரு கேஜையும் எடுத்துப் பார்த்தார்.

"நானும் அன்னைக்கு அப்பிடித்தானுங்க சொன்னேன். அந்தப் புள்ளயோட அம்மா நிறுத்துங்கன்னாங்க. 'திரும்பிப் பாத்துட்டேன், தூங்குது'ன்னு சொன்னேன்." நாலாவது டயருக்குப் போய் உட்கார்ந்தார். "திரும்பியே பாக்கலீங்க."

ஒரு வருஷமாக எதைத் தெரிந்துகொள்ள அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பின் சீட்டில், ரத்தத்தைக் கழுவிய ஈரம் காயாத இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். குறிச்சிக் குளம் போயிற்று. மலுமிச்சம்பட்டி போயிற்று. மைல் கற்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கேட்பதற்கு நோயாளி யாரும் இல்லாததால் அவரும் எதுவும் கேட்கவில்லை.

கிணத்துக்கடவு மலைக்கோயில் தெரிய ஆரம்பித்தபோது, "நான் தொட்டுப் பாக்கலீங்க. எனக்கே கண் அசந்துபோச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பாதி எனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அவர் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்திருக்காது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்த டயர்களில் சத்தமே கிடையாது.